விருந்தினருக்கு எதுவரை, உறுப்பினருக்கு எதுவரை: இணையப் பொழுதுபோக்குக் குழு நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

இணையத்தில் ஒரு பொழுதுபோக்குக் குழுவைத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். கணக்கில்லாமல் வந்து பார்க்கும் விருந்தினருக்கு எதையெல்லாம் அனுமதிப்பது, பதிவு செய்த உறுப்பினருக்கென்று எதையெல்லாம் ஒதுக்கிவைப்பது என்பதே அந்த முடிவு. பலர் மென்பொருளோடு வரும் அமைப்பைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் விளம்பரக் குப்பை வந்து குவிந்ததும் பதறிப்போய் எல்லாக் கதவுகளையும் ஒரேயடியாகச் சாத்துகிறார்கள். இரண்டு வழியிலும் குழுக்கள் மெலிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். பழைய கடிகாரங்களைப் பழுதுபார்ப்பதில் ஆர்வம் கொண்டோரின் குழு ஒன்றில், பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநராகப் பல ஆண்டுகள் இருந்து வருவதால், இந்த எல்லையை எப்படி வகுப்பது என்று நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பதிவால் கிடைப்பது என்ன

எல்லை போடுவதற்கு முன்பு, பதிவு செய்வதால் ஒரு குழுவுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆளின் அடையாளம் கிடைப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு புனைபெயரும் யாரையும் அடையாளம் காட்டிவிடாது. கிடைப்பது தொடர்ச்சி. எங்கள் குழுவில் ஒரு புனைபெயரில் எழுதுபவரின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் கடிகாரத்தின் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கை நேராக்குவது பற்றிச் சென்ற ஆண்டு அவர் சொன்ன யோசனை பலருக்கு உதவியது, எண்ணெய் பற்றிச் சொன்னதில் தவறிவிட்டு மறுநாளே தானாக முன்வந்து திருத்திக்கொண்டார் என்பதெல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், இன்று அவர் சொல்லும் ஒன்றை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரிகிறது. விருந்தினரிடம் இல்லாதது இந்த முன்கதைதான். மற்றபடி அவர் உறுப்பினரைவிட அறிவு குறைந்தவரும் இல்லை, நேர்மை குறைந்தவரும் இல்லை.

சொந்தப் பெயரைக் கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்கள் குழுவிலும் யாராவது நிச்சயம் சொல்வார்கள். தென்கொரியா 2007-இல், பெரிய தளங்களில் எழுதுவோரின் அடையாளத்தைச் சரிபார்த்தாக வேண்டும் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2011-இல் அந்த நாட்டில் நடந்த ஒரு கணினி ஊடுருவலில் சுமார் 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஒரு நாட்டின் பெரிய நிறுவனங்களாலேயே காக்க முடியாத விவரங்களை, ஓய்வு நேரத்தில் குழு நடத்தும் நாம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நம்மை நம்பி வருவோருக்குச் செய்யும் கேடு என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணமும் உண்டு. ஜப்பானில் 1999-இல் தொடங்கிய 2சானல் என்ற இணைய விவாதத் தளத்தில் எழுதுவதற்குப் பதிவே தேவையில்லை. பெயர் குறிப்பிடாத எல்லோரும் பெயரற்றவர் என்ற ஒரே பொதுப்பெயரில்தான் தோன்றினார்கள். அத்தகைய இடத்திலும் தொடர்ச்சி வேண்டும் என்று சிலருக்குத் தோன்றியது. அதற்காக ட்ரிப்கோடு என்ற ஏற்பாடு வந்தது. எழுதுபவர் தமக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் பெயரோடு சேர்த்து இடுவார். அந்தச் சொல்லிலிருந்து கணக்கிடப்பட்ட ஓர் எழுத்துக்கோவை பெயருக்குப் பக்கத்தில் தோன்றும். அடுத்த முறை அதே சொல்லை இட்டால்தான் அதே கோவை வரும். கணக்கு இல்லாமலேயே ஒருவர் தாம் அதே ஆள்தான் என்று காட்ட முடியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது உதவும்.

ஒவ்வொரு செயலாக எடுத்துப் பாருங்கள்

விருந்தினரை உள்ளே விடலாமா வேண்டாமா என்று ஒட்டுமொத்தமாக யோசிக்காதீர்கள். ஒரு தாளில், உங்கள் குழுவில் ஒருவர் செய்யக்கூடிய செயல்களை எல்லாம் எழுதுங்கள்: படிப்பது, தேடுவது, கேள்வி கேட்பது, பதில் சொல்வது, படம் ஏற்றுவது, இணைப்புத் தருவது, வாக்களிப்பது, தனிமடல் அனுப்புவது, பொருளை விற்பது, பிறர் எழுதியதைத் திருத்துவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இது தவறாகப் போனால் பாதிப்பு யாருக்கு? அதை நீக்கினால் பாதிப்பும் நீங்கிவிடுமா? சொன்னவரின் முன்கதை தெரியாமல், சொன்ன விஷயத்தை மட்டும் வைத்து எடைபோட முடியுமா?

படிப்பதில் பாதிப்பு யாருக்கும் இல்லை என்பதால் அதை எல்லோருக்கும் திறந்து வைத்துவிடுங்கள். இணையக் குழுக்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு நின்றுவிடுகிறார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், பெரும்பகுதியை எழுதுவது எஞ்சிய ஒருவர் என்று பயன்பாட்டியல் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எடுத்துச்சொன்னார். உங்கள் குழுவில் எண்கள் மாறலாம், ஆனாலும் இந்தச் சாய்வு மாறுவதில்லை. ஓராண்டு சும்மா படித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் முதல் வரியை எழுதுகிறவர்கள்தாம் பெரும்பாலும் நல்ல உறுப்பினர்களாக அமைகிறார்கள். உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டி அவர்களை நிறுத்தினால், தேடுபொறியும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பத்தாண்டு உழைப்பில் சேர்ந்த அறிவு வெளியுலகுக்குத் தெரியாமலே போகும். பின்னல் கலைஞர்களுக்கான ரேவல்ரி என்ற தளம் 2007-இல் காத்திருப்போர் பட்டியலோடு தொடங்கி, உள்ளடக்கத்தில் பெரும்பகுதியைக் கணக்கு உள்ளவர்களுக்கே காட்டியும் பல லட்சம் உறுப்பினர்களைப் பெற்றது உண்மைதான். அங்கே பின்னல் வடிவங்களின் பெரிய அட்டவணை ஒன்று ஆட்களை இழுத்தது. அப்படி ஒரு களஞ்சியம் இல்லாத சிறு குழுக்கள் அதைப் பின்பற்றக் கூடாது.

கேள்வி கேட்பதையும் விருந்தினருக்குத் திறந்துவிடலாம். கேட்கும் கேள்விக்கு முன்கதை தேவைப்படுவதில்லை. மடத்தனமான கேள்வியால் யாருக்கும் காயம் படாது. முதல் கேள்வி மட்டும் ஒரு மட்டுறுத்துநர் பார்த்த பிறகு வெளிவரும்படி வைத்தால் போதும். விற்பனைத் தூண்டில்கள் அந்த வரிசையிலேயே சிக்கிவிடும்.

பதில் சொல்வதில் கவனம் வேண்டும்

நான் மிகுந்த நேரம் செலவிட்டு யோசித்தது இதைப் பற்றித்தான். ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் காரணம் புரியும்.

விருந்தினர் ஒருவர் தம் தாத்தா வைத்திருந்த கைக்கடிகாரத்தின் டயலைப் படமெடுத்துப் போட்டார். முட்களிலும் எண்களிலும் பழுப்பேறிய, பொருக்குப் பொருக்காக உதிரும் ஒரு பூச்சு. 'இருட்டில் இப்போது ஒளிர்வதில்லை, இதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாமா?' என்று கேட்டிருந்தார். பத்து நிமிடத்தில் இன்னொரு விருந்தினர், 'ஒளிரவில்லை என்றால் வீரியம் போய்விட்டது, கத்தி முனையால் சுரண்டி ஊதிவிடுங்கள்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். 1960-கள் வரை இத்தகைய டயல்களில் கதிரியக்கம் கொண்ட ரேடியம் கலந்த பூச்சைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காலப்போக்கில் செயலிழப்பது அதில் கலந்திருக்கும், ஒளிதரும் துத்தநாக சல்பைடு. ரேடியம்-226 பாதியாகக் குறைவதற்கே சுமார் 1,600 ஆண்டுகள் ஆகும். சுரண்டி ஊதினால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும், உடல் அதைக் கால்சியத்தைப் போல எடுத்து எலும்பில் சேர்த்துக்கொள்ளும். எங்கள் உறுப்பினர் ஒருவர் தற்செயலாக அந்நேரம் விழித்திருந்து, 'டயலைத் தொடாதீர்கள், மூடிய உறையில் போட்டு வையுங்கள்' என்று எழுதியதால் அந்தக் கேள்வியாளர் தப்பினார். அந்தத் தவறான பதிலை ஒரு சொடுக்கில் நீக்கிவிட்டோம். ஆனால் அதற்குள் யார் அதைப் படித்துவிட்டு எந்த மேசையில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

காளான் சேகரிப்போர், பழைய வானொலிகளைத் திறந்து பார்ப்போர், வேதிப்பொருள்களால் படங்களைக் கழுவி எடுப்போர் என்று ஒவ்வொரு குழுவிலும் இத்தகைய இடங்கள் உண்டு. அமானிடா ஃபலாய்டஸ் என்ற நச்சுக்காளானைத் தின்றவருக்குப் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் வரை எந்த அறிகுறியும் தோன்றாது. 'நான் தின்று பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று அந்த இடைவெளியில் ஒருவர் மனதார எழுதக்கூடும். நீக்கினாலும் பாதிப்பு நீங்காத பதில்கள் இவை.

ஆகவே பதில்களை இரண்டாகப் பிரியுங்கள். பல்சக்கரத்தின் பற்களை எப்படி எண்ணுவது, இந்த முத்திரை எந்தக் காலத்தியது என்பன போன்ற கேள்விகளுக்கு விருந்தினரும் உடனே பதில் சொல்லட்டும். தவறு நேர்ந்தால் அடுத்து வருபவர் திருத்துவார். உடலுக்கும் உயிருக்கும் தீங்கு நேரக்கூடிய பொருள்களுக்கு மட்டும் ஒரு சொற்பட்டியல் தயாரித்து, அச்சொற்கள் வரும் விருந்தினர் பதில்கள் நம்பகமான உறுப்பினர் ஒருவர் பார்த்த பிறகே வெளிவரும்படி செய்யுங்கள். எங்கள் பட்டியலில் ரேடியம், பாதரசம், அமிலம், பெட்ரோல், சயனைடு ஆகியவை இருக்கின்றன. இந்த விதி புதிய உறுப்பினர்களுக்கும் பொருந்த வேண்டும், ஏனெனில் நேற்றுக் கணக்குத் தொடங்கியவருக்கும் முன்கதை கிடையாது.

இந்த எல்லையைப் பெரிய குழுக்கள் வெவ்வேறு இடங்களில் போட்டிருக்கின்றன. 1997-இல் தொடங்கிய ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் விருந்தினரின் கருத்தைத் தடுக்கவில்லை. அவருடையது 0 மதிப்பெண்ணோடும் உள்நுழைந்தவருடையது 1 மதிப்பெண்ணோடும் தொடங்கும்படி வைத்தது. நல்ல கருத்தாக இருந்தால் பிறர் மதிப்பெண் தந்து மேலே ஏற்றலாம். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே விருந்தினருக்கு 'பெயரற்ற கோழை' என்று பெயர் வைத்ததை ஏற்க மாட்டேன். ஆங்கில விக்கிப்பீடியா 2005 டிசம்பரில் புதிய கட்டுரை தொடங்குவதைக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கி, இருக்கும் கட்டுரையைத் திருத்துவதை எல்லோருக்கும் விட்டுவைத்தது. பழைய வடிவத்துக்கு நொடியில் திரும்ப முடியும் என்பதால் அது பொருந்துகிறது. போர்த்துகீசிய விக்கிப்பீடியா 2020-இல் திருத்துவதற்கும் கணக்கு வேண்டும் என்று முடிவெடுத்தது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, பிறர் எழுதியதன் கீழ்க் குறிப்பு எழுத 50 மதிப்புப் புள்ளிகள் வேண்டும் என்று வைத்தது, ஆனால் முழுப் பதில் எழுதப் புள்ளி கேட்கவில்லை. பொழுதுபோக்குக் குழுவுக்கு அது தலைகீழான வரிசை என்பது என் கருத்து. 'நன்றி, என் கடிகாரம் ஓடுகிறது' என்ற ஒரு வரிதான் புதியவர் முதலில் எழுத விரும்புவது.

மற்ற செயல்கள்

படங்களை விருந்தினர் ஏற்றலாம், ஆனால் கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை பதிந்திருக்கக்கூடும். ஏற்றும்போதே அதை மென்பொருள் அகற்றிவிடும்படி அமையுங்கள். அரிய பறவையின் கூடு, அரிய ஆர்க்கிட் மலரும் இடம், விலையுயர்ந்த சேகரிப்பு இருக்கும் வீடு ஆகியவற்றைப் பொறுத்தவரை, படிப்பது எல்லோருக்கும் என்ற விதிக்கு விலக்கு வேண்டும். உயிரினங்களைக் கண்டவர்கள் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் துல்லியமான இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்து, ஏறத்தாழ 0.2 பாகைச் சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டுகிறது. உறுப்பினராக இருந்தால் போதும் என்று இங்கே விட்டுவிட வேண்டாம். பதிவு செய்ய இரண்டு நிமிடம் போதும் என்பது முட்டை திருடுபவருக்கும் தெரியும்.

விருந்தினர் தரும் இணைப்புகளைச் சொடுக்க முடியாத வெறும் எழுத்தாகக் காட்டுங்கள். உறுப்பினர்களின் இணைப்புகளில், இதைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும், 2005-இல் அறிமுகமான நோஃபாலோ குறியைச் சேர்த்தால், தேடல் தரவரிசைக்காக வருகிற ஸ்பாம்காரர்களின் ஆதாயம் குறையும். தனிமடல் விருந்தினருக்குக் கூடவே கூடாது. அது யார் கண்ணிலும் படாத இடம், தொல்லை நடந்தால் பாதிக்கப்பட்டவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. வாக்களிப்பதும் உறுப்பினருக்கே. விற்பனையைப் பழைய உறுப்பினர்களுக்கு மட்டும் விடுங்கள், அதிலும் கணக்கின் வயதை மட்டும் பார்க்காதீர்கள். கணக்கைத் தொடங்கிவைத்து ஆறு மாதம் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டுத் திடீரென்று விலையுயர்ந்த பொருளோடு வருபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எழுதியதையும் பார்க்க வேண்டும்.

பதிவுப் படிவமும் அதற்குப் பிறகும்

படிவத்தில் புனைபெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் ஆகிய மூன்றுக்கு மேல் எதையும் கேட்காதீர்கள். எங்கள் பழைய படிவத்தில் பிறந்த நாள், தொலைபேசி எண், ஊர், தொழில் என்று பதினொரு பெட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்றையும் நாங்கள் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. கடவுச்சொல்லைப் படிக்கக்கூடிய வடிவில் சேமிக்கும் மென்பொருளைத் தொடவே தொடாதீர்கள். கடவுச்சொல்லைத் திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றும் முறைகள் உண்டு. பிகிரிப்ட் 1999 முதல் இருக்கிறது, 2015-இல் கடவுச்சொல் பாதுகாப்புக்கான போட்டியில் வென்ற ஆர்கான்2-வும் இருக்கிறது, இரண்டில் ஒன்று அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். கணக்கை நீக்கும் வழியும் பதிவு செய்யும் வழியைப் போலவே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும்.

பதிவு செய்தவுடன் எல்லா உரிமைகளையும் கொடுத்துவிட வேண்டாம், படிக்கட்டாகக் கொடுங்கள். இணைய விவாதக் குழுக்களை நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் புதியவர் அடுத்த படிக்குச் செல்ல, ஐந்து தலைப்புகளைத் திறந்து, முப்பது பதிவுகளைப் படித்து, மொத்தம் பத்து நிமிடம் வாசித்திருக்க வேண்டும் என்பது இயல்பான அமைப்பு. ஆங்கில விக்கிப்பீடியாவில் அடுத்த படிக்குச் செல்லக் கணக்குக்கு நான்கு நாளும் பத்துத் திருத்தங்களும் ஆக வேண்டும். எழுதியதைவிட வாசித்ததை வைத்து உரிமை தரும் முதல் வழியை நான் விரும்புகிறேன், ஏனென்றால் எண்ணிக்கைக்காக வெற்று வரிகளை எழுத அது யாரையும் தூண்டுவதில்லை.

இயந்திரங்களைத் தடுக்க, வருபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சாதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். கோணல்மாணலான எழுத்துகளைக் கண்டுபிடிக்கச் சொல்வது பார்வைக் குறைபாடு உள்ளவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியைப் படிவத்தில் ஒளித்து வைத்து, அதை நிரப்பி அனுப்புவதை நிராகரித்தாலே பெரும்பகுதிக் குப்பை நின்றுவிடுகிறது. இணையத்தில் ஓர் இணைப்பைக் குறிக்கும் எண்ணான ஐபி முகவரியைத் தடை செய்வதைக் கடைசி வழியாக வையுங்கள். கைப்பேசி வலையமைப்புகளில் ஒரே முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருக்கக்கூடும். ஒருவரைத் தடுப்பதாக எண்ணி ஒரு கூட்டத்தையே வெளியே நிறுத்திவிடுவீர்கள். விருந்தினரின் ஐபி முகவரியைப் பொதுவில் காட்டுவதும் தவறு. கணக்கில்லாதவர்களின் முகவரியை ஆண்டுக்கணக்கில் வெளிப்படையாகக் காட்டிவந்த விக்கிப்பீடியாவே தற்காலிகக் கணக்குகளுக்கு மாறியிருக்கிறது. நாங்கள் விருந்தினரின் ஐபி முகவரிப் பதிவேட்டை முப்பது நாளில் அழித்துவிடுகிறோம்.

பதிவே செய்யாதவர்கள்

என்ன செய்தாலும் சிலர் கணக்குத் தொடங்க மாட்டார்கள். அவர்களை வற்புறுத்தாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 'இப்போதே சேருங்கள்' என்று திரையை மறைக்கும் பெட்டியை வைக்காதீர்கள். விருந்தினராக எழுதியவர் பின்னாளில் சேர்ந்தால், முன்பு எழுதியவற்றைத் தம் பெயரில் சேர்த்துக்கொள்ள வழி வைத்திருங்கள். அது அவர் உழைப்பு.

எங்களிடம் ஒரு விருந்தினர் இருக்கிறார். நான்கு ஆண்டுகளாக வாரம் ஒரு முறையாவது வந்து, யாருக்கும் விடை தெரியாத கேள்வியாகத் தேடிப்பிடித்துப் பதில் எழுதுவார். எழுதி முடிக்கும்போது 'மெதுவாகத் திருகுங்கள்' என்று ஒரு வரி போடுவார். அந்த வரியைக் கண்டாலே மற்றவர்கள் நம்பிப் படித்தார்கள். ஒரு நாள் வேறு யாரோ அதே வரியைப் போட்டு, சாவி கொடுத்திருக்கும் நிலையிலேயே மெஷினைக் கழற்றலாம் என்று எழுதிவிட்டார். இறுகியிருக்கும் சுருள்வில் அப்படிக் கழற்றினால் சீறிக்கொண்டு விரியும், விரலைக் கிழித்துவிடும். ஒரு புதியவர் அப்படியே செய்து கையில் தையல் போட்டுக்கொண்டார். அதன் பிறகு ட்ரிப்கோடு போன்ற ஒரு ரகசியச் சொல் ஏற்பாட்டை விருந்தினர்களுக்காகச் சேர்த்தோம். மின்னஞ்சல்கூடத் தர வேண்டாம், சொல் ஒன்று போதும் என்று அறிவித்தோம். மறுநாள் காலையில் அவர் பதிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எழுத்துக்கோவை தோன்றியிருந்தது, இன்றுவரை அதே கோவைதான். அவர் ரேடியம் டயலைப் பற்றி எழுதினால் அது இப்போதும் வரிசையில் நின்று, ஒருவர் பார்த்த பிறகே வெளிவருகிறது. அதற்கு அவர் ஒரு முறைகூட மனம் கோணியதில்லை.